முதல் கத்தரிக்காய்

பள்ளித் தோட்டத்துக்கு வந்ததும் என் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, உப்புக்காற்று படாதபடி செடிகளுக்குச் சாக்கை இழுத்துக் கட்டுவாள். வெயிலில் செம்பட்டையான முடி, மீன்பிடிக்கிற குடும்பம்.

முதன்முதலாகக் காய்த்த ஒரே கத்தரிக்காயை எடை போட்டுப் பாடம் நடத்தத் தராசோடு போனேன். செடியில் காய் இல்லை.

“கடற்கரைக் குருசடியில மாதா காலடியில வச்சிட்டேன் டீச்சர். புது வலையில விழுந்த முதல் மீனை மாதாவுக்குத்தான வைப்போம்?” என்றாள்.

“ஏளா, அப்போ நான் எதை எடை போட?” என்று கத்திவிட்டேன்.

மறுநாள் கடையில் வாங்கிய ஒரு கத்தரிக்காயை மேசையில் வைத்தாள். “எடைக்கு இது போதும்லா டீச்சர்?”

எங்கள் காய் ஊதா, இதுவோ பச்சை. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே தராசில் வைத்தேன். அவள் மட்டும் சிரிக்காமல், முள் அசைவது நிற்கும்வரை கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். குருசடியிலும் இப்படித்தான் நின்றிருப்பாள்.