பிரிண்ட் பொத்தானுக்குப் போகும் வழி

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, அவள் கடைக் கணினியில் கருவிப்பட்டையைத் திரும்ப அடுக்கியது. எழுதும் மென்பொருளின் புதிய பதிப்பை நான்தான் போட்டுக் கொடுத்தேன். போட்டு முடித்ததும், திரையின் மேலே இருந்த அவளுடைய பொத்தான் வரிசை காணாமல் போயிருந்தது.

"என் பட்டை எங்கடி?"

"புதுசுல இப்படித்தாம்மா வரும். அடுக்கிடலாம்."

"குடித்தனத்தையே தூக்கி வெளிய வச்சிட்டு அடுக்கிடலாங்கிற."

கடை ஒரு ஷட்டர் அகலம். ஒரு மேசை, கணினி, பிரிண்டர், ஜெராக்ஸ் எந்திரம், வாடிக்கையாளருக்கு ஒரு ஸ்டூல். ஸ்டூல் எப்போதும் அம்மாவின் வலது முழங்கைக்கு அருகில்தான் இருக்கும். உட்காருபவருக்குத் திரை முழுதும் தெரியும். வாடகை ஒப்பந்தம், புகார்க் கடிதம், வேலைக்கான விண்ணப்பம் என்று யார் எதைச் சொன்னாலும் அடித்துக் கொடுப்பாள். தெருவில் அவளுக்கு டைப் அக்கா என்று பெயர்.

அன்று ஸ்டூலில் நான் உட்கார்ந்தேன். அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் இரண்டு கட்டங்கள் வரும். இடப்பக்கம் மென்பொருளில் உள்ள எல்லாக் கட்டளைகளும், வலப்பக்கம் நமக்கு வேண்டியவை. ஒவ்வொன்றாக இங்கிருந்து அங்கே அனுப்ப வேண்டும். அம்மா கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு வரிசை சொன்னாள். அவளிடம் எல்லாப் பொத்தானுக்கும் பட்டப்பெயர் உண்டு. தடித்த எழுத்து தடியன். சாய்வெழுத்து சோம்பேறி. சேமிப்பது பெட்டி. செய்ததைத் திரும்ப எடுக்கும் வளைந்த அம்பு, ஐயோ.

"முதல்ல பெட்டி. பக்கத்துல ஐயோ. அப்புறம் தடியன், சோம்பேறி. அப்புறம் எதையாவது போடு."

"எதையாவதுன்னா?"

"எதையாவதுதான். நான் தொடாததா இருக்கணும். பன்னெண்டு பதினஞ்சு போடு."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படி இல்லை. கண்ணில் பட்டதை அனுப்பினேன். கணிதச் சமன்பாடு, தபால் உறை, அடிக்குறிப்பு, பெயர் புரியாத ஏதோ ஒன்று.

"இடம்தான் வேணும்னா நடுவுல பிரிக்கிற கோடு போடலாமே."

"கோடு ஒல்லி. எடத்த அடைக்காது."

கடைசியில் பிரிண்ட். அதைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். சேமித்தவுடன் அச்சடிப்பது இயல்பான வரிசை.

"அங்க வேணாம். கோடிக்குத் தள்ளு. எல்லாத்துக்கும் அந்தப்பக்கம்."

"ஏம்மா? ஒவ்வொரு தடவையும் மவுஸ் எவ்வளவு தூரம் நடக்கணும்?"

"நடக்கட்டும். நடந்தா நல்லதுன்னு டாக்டரே சொல்றாரு."

"விளையாடாத. காரணம் சொல்லு."

"ஆள் வந்திருக்கு பாரு. எந்திரி, அப்புறம் சொல்றேன்."

எழுந்து அவருக்கு ஸ்டூலைக் கொடுத்தேன். எனக்குப் பேருந்துக்கு நேரமாகியிருந்தது. அடுத்த வியாழக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள்.

நான் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் பொறியாளர். கட்டுப்பாட்டு அறையின் பலகைகள் என் பொறுப்பு. எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அடிக்கடி தொடுவது கைக்கு அருகில் இருக்கும். தொடக்கூடாதது மூடிக்குள் இருக்கும். ஒரு பொத்தான் காரணமில்லாமல் ஓர் இடத்தில் இருக்காது. அம்மாவிடம் நான் கடைசியாகக் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. அது என்னை விடவில்லை.

கடையைச் சித்தி எடுத்து நடத்துவதென்று முடிவானது. அம்மாவின் தங்கை. ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதியவள், வேகமாக டைப் செய்வாள். கணினி முன்னால் உட்கார்ந்தவுடன் முகம் சுளித்தாள்.

"என்னடி இது, மேல பூராக் கண்டதும் கெடக்கு? உங்கம்மா சமன்பாடெல்லாம் போட்டாளா?"

"இல்ல சித்தி. ஒரு ஃபைல்லகூட இல்ல. தேடிப் பாத்துட்டேன்."

"அப்ப கலைச்சிட்டு எனக்குத் தோதா வச்சிக்கிறேன்."

"கொஞ்சம் பொறுங்க. ஏன் இப்படி வச்சிருக்கான்னு தெரிஞ்சிக்கிறேன்."

"பொத்தானுக்கு என்னடி ஜாதகம்? திங்கக்கிழமை நான் கடை தெறக்கணும். அதுவரைக்கும் உன் ஆராய்ச்சிய வச்சிக்கோ."

திங்கள் வரை விடுப்பு எடுத்திருந்தேன். யோசித்தேன். தொடக்கூடாத பொத்தானை மூடிக்குள் வைப்பதுபோல, கை தவறிப் படாமல் இருக்கவா? அம்மாவின் கை தவறாது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரு நிறுவனத்தில் தட்டச்சராக இருந்தவள். நான்கு கார்பன் தாள் வைத்து அடிப்பாள். ஓர் எழுத்து தப்பினால் ஐந்து தாளும் குப்பைக்கு. அப்பா லாரி ஓட்டப் போன இடத்தில் இறந்த பிறகு, அந்த நிறுவனமும் மூடிய பிறகு, இந்தக் கடையைப் போட்டாள். கணினி வந்த முதல் வாரம் அந்த வளைந்த அம்பைக் காட்டி, "மனுஷன் கண்டுபிடிச்சதுலயே உருப்படியானது இந்த ஐயோதாண்டி" என்றாள். வேண்டுமென்றே ஒரு வரியை அழிப்பாள். திரும்ப வரவழைப்பாள். சிரிப்பாள்.

அடுத்து, கண்ணா? இடப்பக்கம் மங்கலாகத் தெரிந்து எல்லாவற்றையும் வலப்பக்கம் தள்ளினாளா? அப்படியானால் பெட்டியும் ஐயோவும் ஏன் இடது ஓரத்தில்? கண்ணாடிக் கடையில் கேட்டேன். போன மாதம்தான் சோதித்தார்களாம், பழுதில்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. மவுஸின் வேகம் மிகக் குறைவாக வைக்கப்பட்டிருந்தது. அம்பு திரையைக் கடக்க எறும்பு ஊர்வதுபோல் ஊர்ந்தது. பழைய கணினியைப் பரணிலிருந்து இறக்கி இயக்கிப் பார்த்தேன். அதிலும் அதே வேகம், அதே கோடியில் பிரிண்ட். இடையில் வேறு பொத்தான்கள், எல்லாம் அவள் தொடாதவை.

ஞாயிற்றுக்கிழமை சித்தி கடையை ஒழுங்குபடுத்த வந்தாள். விலை எழுதிப் பார்க்க ஒரு தாள் தேடினாள்.

"ரஃப் பேப்பர் எங்கடி? முன்னெல்லாம் வீணாப்போன பிரிண்ட்டு இந்த மேசைக்கடியில கட்டுக் கட்டாக் கெடக்கும். என் பிள்ளைங்க படம் போட்டதெல்லாம் இங்கருந்து எடுத்துட்டுப் போன தாள்லதான். இப்ப பல் குத்தக்கூட ஒண்ணு இல்ல."

"அம்மா பிரிண்ட்டுக்கு மவுஸ்தான் பிடிப்பாளா சித்தி? கீபோர்டுல ரெண்டு விசை போதுமே."

"அது அவளுக்குத் தெரியாதா? எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவதான். தனியா இருந்தா படக்குனு அதுலதான் அடிப்பா. ஆள் இருந்தா மட்டும் மகாராணி மாதிரி மவுஸ உருட்டுவா."

இதைக் குறித்து வைத்துக்கொண்டேன். ஆள் இருந்தால் மட்டும்.

அப்போது பக்கத்துக் கடைத் தையல்காரர் எட்டிப் பார்த்தார். கழுத்தில் அளவு நாடா. நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அவருக்கு நான் பாப்பா.

"பாப்பா, கேக்கறதுக்கே ஒரு மாதிரி இருக்கு. உங்கம்மா எனக்கு ஒரு அறிவிப்பு அடிச்சு வச்சிருந்தாங்க. இருக்கா?"

இருந்தது. அவள் கடைசியாகத் திறந்த கோப்பு அதுதான். ஸ்டூலில் உட்காரச் சொன்னேன். வாசித்துக் காட்டினேன்: "தைக்கக் கொடுத்த துணிகளை மூன்று மாதத்துக்குள் பெற்றுக்கொள்ளவும். தவறினால் நாங்கள் பொறுப்பல்ல."

"கரெக்டா இருக்கு. அடிச்சிடு."

பெட்டியை அழுத்திவிட்டு மவுஸை வலப்பக்கம் நகர்த்தினேன். அம்பு ஐயோவைத் தாண்டியது. தடியனைத் தாண்டியது. தையல்காரர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சமன்பாட்டை நெருங்கும்போது தொண்டையைச் செருமினார்.

"இரு பாப்பா. மூணு மாசமா போட்டிருக்கு? ரெண்டுன்னு போடு. வைக்க எடமில்ல."

திருத்தினேன். வாசித்தேன்.

"இப்ப சரி. அடி."

அம்பு மறுபடி புறப்பட்டது. இந்தமுறை அடிக்குறிப்பு வரைக்கும் போனது.

"பொறுப்பல்லன்னு போட்டா மொகத்துல அடிச்ச மாதிரி இருக்குமோ?"

"எப்படிப் போடலாம்?"

"மறந்துடாதீங்கன்னு போடு. வர்றவங்க நமக்கு வேண்டியவங்கதானே."

திருத்தினேன். மூன்றாவது முறை திருத்தம் எதுவும் வரவில்லை. அம்பு கோடிக்குப் போய்ச் சேர்ந்தது. அழுத்தினேன். பிரிண்டர் உறுமியது.

"இந்த அம்பு ஊர்றதப் பாத்தாலே ஒரு அவசரம் வந்துடும் பாப்பா," என்றார் தையல்காரர். "பரீட்சைத் தாளக் குடுக்கறதுக்கு எந்திரிச்ச மாதிரி. விட்டதெல்லாம் அப்பத்தான் ஞாபகம் வரும். உங்கம்மா வாயே தெறக்க மாட்டாங்க. உருட்டிக்கிட்டே இருப்பாங்க."

நான் சித்தியைப் பார்த்தேன். அவள் மேசைக்கடியில் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் கட்டுப்பாட்டு அறையில், வால்வை மூடுவதற்கு முன் திரையில் ஒரு பெட்டி வரும். 'உறுதியாகவா?' என்று கேட்கும். எல்லோரும் 'ஆம்' அழுத்துவார்கள். யாரும் வாசிப்பதில்லை. நானும் வாசிப்பதில்லை. அந்தப் பெட்டியை வைத்ததே நான்தான். அம்மா கேள்வி கேட்கவில்லை. தூரம் வைத்தாள்.

"அப்ப இந்தச் சமன்பாடு?" என்றாள் சித்தி.

"அது சும்மா தூரம் சித்தி."

சித்தி என்னை எழுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். மவுஸைப் பிடித்து, பெட்டியிலிருந்து பிரிண்ட் வரைக்கும் ஒருமுறை மெதுவாக உருட்டிப் பார்த்தாள்.

"கழுதைக்கு என்ன மூளை," என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "தடியன் மட்டும் எனக்கு இந்தப் பக்கம் இருக்கணும். மத்தது இருக்கட்டும்."

தையல்காரர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். போகவில்லை. வாசலில் நின்றார்.

"வேற ஏதாவது திருத்தணுமா?"

"திருத்தமில்ல. உங்கம்மா, கொண்டாந்து நானே ஒட்டித் தரேன்னு சொல்லியிருந்தாங்க. அந்த வியாழக்கிழமை சாயந்திரம் வர்றதா இருந்தது." நாடாவைக் கழுத்தில் இழுத்துவிட்டுக்கொண்டார். "துணின்னா நூல் பிடிச்ச மாதிரி வெட்டிடுவேன் பாப்பா. கண்ணாடிக் கதவுல எத ஒட்டினாலும் எனக்குக் கோணிக்குது. அவங்களுக்குத் தெரியும்."

மேசை இழுப்பறையைத் திறந்தேன். இரும்பு ஸ்கேல் இருந்தது. அதன் மேல் ஒட்டும் டேப். நுனி தொலைந்துவிடாமலிருக்க அம்மா அதை உள்பக்கமாக மடித்து வைத்திருந்தாள்.