சீரியல் நின்றபோது நான் சொன்ன கதை

கொழுந்தெடுக்கும் எங்கள் செட்டில் சீரியல் கதை சொல்கிறவள் நான்தான். சேரம்பாடிப் பக்கத்துத் தேயிலைக் காட்டில் பெண்கள் வாயை மூடிக்கொண்டு கொழுந்து வெட்டினால் சூப்பர்வைசருக்கே பயம். எந்தச் சரிவில் யானை நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? "சத்தமாப் பேசுங்கம்மா" என்பார். என் தொண்டைக்கு அது போதும். முந்தின இரவு அடுப்படியில் நின்று சீரியலைத் தவறவிட்டவர்களுக்கு மாமியாரின் அதட்டல், மருமகளின் அழுகை, பின்னணி இசை எல்லாவற்றோடும் சொல்லிவிடுவேன். பார்த்தவர்களும் வந்து கேட்பார்கள். டிவியைவிட நான் சொல்வது நன்றாக இருக்கும். இதில் எனக்கென்ன அடக்கம்?

திடீரென்று சீரியல் நின்றுவிட்டது. சென்னையில் லைட் பிடிக்கிறவர்களும் கேமரா தூக்குகிறவர்களும் சம்பள உயர்வு கேட்டு ஸ்டிரைக். டிவியில் பழைய கதையையே திரும்பப் போட்டார்கள். மறுநாள் காட்டில் ஒரே புலம்பல். "கொழுப்பெடுத்துப் போயி ஸ்டிரைக் பண்றானுக" என்றாள் ஒருத்தி. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாங்கள் கூலிக்காக ஃபேக்டரி வாசலில் உட்கார்ந்திருந்தபோது பஸ்ஸில் போனவர்களும் இதையேதான் சொன்னார்கள்.

"நம்மளச் சொன்னப்ப வலிச்சுச்சில்ல? உங்களுக்குக் கதைதானே வேணும்? நான் சொல்றேன், வெட்டுங்க" என்றேன்.

அன்றே ஆரம்பித்தேன். வருஷக்கணக்காக அழுதுகொண்டிருந்த அந்த மருமகளை முதலில் கண்ணைத் துடைக்க வைத்தேன். பிறகு மாமியார் முன்னால் நிறுத்தி, "நான் படிக்கப் போறேன்" என்று சொல்ல வைத்தேன். கொழுந்து வெட்டும் கத்தரியைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினார்கள்.

பக்கத்து நிரையில் வெட்டுகிறவள் மட்டும் கைதட்டவில்லை. பால்வாடிக்குப் போகிற மகள் இருக்கிறாள் அவளுக்கு. புருஷன் திருப்பூரில் வேலை. குன்னூரில் ஆஸ்பத்திரி உதவியாளர் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டார். அம்மா சொன்னால் சரி என்றான் புருஷன். மாதக் கடைசிக்குள் போய்ச் சேராவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். இதெல்லாம் நாங்கள் குடியிருக்கும் லயம் முழுக்கத் தெரிந்த விஷயம்.

"புள்ளைய யாருகிட்ட விட்டுட்டுப் போறா?" என்று கேட்டாள்.

சீரியல் மருமகளுக்குப் பிள்ளையே கிடையாது. நான் சளைப்பேனா? "அவ அம்மாகிட்ட" என்றேன். மறுநாள், "புருஷன் போன் எடுக்கலன்னா என்னக்கா பண்ணுவா?" அதற்கும் மறுநாள், "அங்க எங்க தங்குவா?" எனக்குப் புரிந்துவிட்டது. இனி வாய்க்கு வந்ததைச் சொல்ல முடியாது. குன்னூரில் சர்ச் ஹாஸ்டல் ஒன்றில் சமைக்கிற என் சித்தி மகளுக்குப் போன் போட்டு, இடம் இருக்கிறதா, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு விடுவார்களா, குளிருக்குக் கம்பளி கொடுப்பார்களா என்றெல்லாம் விசாரித்துக் கதையில் சேர்த்தேன். "என்னக்கா, கதை ஹாஸ்டல்லயே நிக்குது" என்று மற்றவர்கள் அலுத்துக்கொண்டார்கள். பக்கத்து நிரைக்காரி மட்டும் இன்னும் கேட்டாள்.

அந்தச் சமயத்தில் மருமகளாக நடிக்கும் நடிகையின் வீடியோ ஒன்று போனில் வந்தது. டீ குடிக்கும் நேரத்தில் எல்லோரும் பார்த்தோம். பொட்டில்லை, தாலியில்லை, தோள்வரை வெட்டிய முடி. லைட்மேன் அண்ணன்களுக்குச் சம்பளம் கூடினால்தான் தானும் வேலைக்கு வருவேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். சீரியலில் இவள் படும் கஷ்டம் தீர மாரியம்மனுக்கு விளக்குப் போட்டவள் எங்களில் ஒருத்தி. அவளுக்கு முகம் தொங்கிப்போயிற்று.

பக்கத்து நிரைக்காரி அதை மறுபடியும் போடச் சொல்லிப் பார்த்தாள்.

"அக்கா, இவ சம்பளத்துக்கு அழுவுறா. நான் எதுக்கு சும்மா அழுவுறேன்?"

சூப்பர்வைசர்தான் அந்தப் பக்கமிருந்து, "என்ன, சத்தத்தைக் காணோம்?" என்றார்.

ஸ்டிரைக் முடிந்து சீரியல் திரும்ப வந்த அன்று, பெரிய டிவி இருக்கிற வீட்டில் கூடினோம். மருமகள் மாமியார் காலில் விழுந்து, எப்போதும் போலக் கதறினாள். "இது தப்பு! அவதான் குன்னூருக்குப் போயிட்டாளே!" என்று ஒருத்தி டிவியோடு சண்டைக்கே போய்விட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் பக்கத்து நிரைக்காரி தன் மாமியாரோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். "பாத்தியா, இவளுக்குப் புத்தி வந்துருச்சு" என்று மாமியார் அவளைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார். அவள் எழுந்து போய்விட்டாள். நான் கட்டிய கதையை ஒரே எபிசோடில் கலைத்துவிட்டார்களே என்று அன்றைக்கு உண்மையிலேயே பயந்தேன்.

மறுநாள் காலையில் எல்லோரும் செடியின் ஈரம் படாமலிருக்க இடுப்பில் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள். அவள் இடுப்பில் எதுவும் கட்டவில்லை. ஒரு கையில் பை, ஒரு கையில் மகள். கீழே ரோட்டில் அவள் அம்மா பேத்தியைக் கூட்டிப்போக நின்றிருந்தார்.

"பஸ் வந்துரும்க்கா" என்றாள். "சீரியல் கெடக்குது. அப்புறம் என்னாச்சுன்னு இனிமே நான் போன்ல சொல்றேன். நீங்க இவங்களுக்குச் சொல்லுங்க."