மாதாவுக்குக் கிடைத்த வாக்கு

கிறிஸ்து பிறந்த நத்தார்ப் பெருநாளுக்கு முந்திய வாரங்களில் எங்கள் மாதா கோயில் பங்கில் வீடு வீடாகச் செபம் நடக்கும். நான் கிளிநொச்சியில் கணிதம் படிப்பிக்கிறவன். அந்தச் செபங்களில் வேதாகமம் வாசித்து விளக்கம் சொல்லும் பொறுப்பைப் பங்குச் சுவாமியார் என்னிடம் தந்திருந்தார். நன்றாகச் சொல்கிறேன் என்றுதான் எனக்கு நினைப்பு.

அன்று பின்னேரம் வாசித்தது, தேவதூதரான கபிரியேல் சம்மனசு மாதாவிடம் சொன்ன வாக்கு. அவர் பெறப்போகும் பிள்ளைக்குத் தாவீதின் சிம்மாசனம் கிடைக்கும், அந்த அரசுக்கு முடிவே இராது என்ற பகுதி. உலகத்து அரசுகள் வேறு, இது மனங்களில் நடக்கும் ஆட்சி என்று வழக்கம்போல் சொல்லிக்கொண்டு போனேன்.

பாயின் ஓரத்தில் இருந்த அக்கா கையை உயர்த்தினார். நாலு வீடு தள்ளி இருப்பவர். உடுப்புத் தைத்துச் சீவிக்கிறவர். யுத்தம் முடிந்த நாட்களில், விசாரித்துவிட்டு விடுவோம் என்ற பேச்சை நம்பி, ஒரே மகனைத் தானே கூட்டிக்கொண்டுபோய் ஆமியிடம் ஒப்படைத்தவர். அதன் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

“மாஸ்டர், ஒண்டு கேக்கட்டே?”

“கேளுங்கோ அக்கா.”

“மகன் ராசாவா இருப்பான் எண்டுதானே மாதாவுக்கு வாக்குக் குடுத்தது? பிறகு அவா சிலுவைக்குக் கீழ நிண்டவா. அந்த நேரம், சம்மனசு தன்னை ஏமாத்திப்போட்டுது எண்டு நினைச்சிருப்பாவோ?”

மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தாரே என்று தொடங்கினேன்.

“அது மூண்டாம் நாள். நான் கேக்கிறது சிலுவையில தொங்கின வெள்ளிக்கிழமையை.”

அவசரமாக ஒரு பாட்டைத் தொடங்கிச் செபத்தை முடித்துவிட்டேன். அந்தப் பாட்டை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் சுவாமியாரிடம் போய்க் கேட்டேன். அவர், “நானெண்டாலும் உங்கட விளக்கத்தைத்தான் சொல்லியிருப்பன். அவாவிட்டப் போய்த் தெரியாது எண்டு சொல்லுங்கோ,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அக்காவின் வீட்டுக்குப் போனேன். கதிரையை இழுத்துப் போட்டுத் தேத்தண்ணி தந்தார்.

“எனக்கு மறுமொழி தெரியாது அக்கா. தெரிஞ்சவன் மாதிரிக் கதைச்சது பிழை.”

“உங்களை மடக்கவெண்டு நான் கேக்கேல்லை,” என்றார். “இத்தினை வருசமா என்ரை மனசுக்குள்ள கிடந்த கேள்வி. நேற்றும் அதைத்தான் யோசிச்சனான். ஏமாத்தினதெண்டு நினைச்சாவோ, நம்பினாவோ, தெரியாது. ஆனா அந்த இடத்தை விட்டுப் போகேல்லை. சொன்னவர் வந்து மறுமொழி சொல்லுமட்டும் நிண்டிருக்கிறா. எனக்கு அது போதும்.”

பிறகு கொஞ்சம் தயங்கி, “நாளைக்குப் பள்ளிக்கூட லீவுதானே? எங்கட கொட்டிலுக்கு ஒருக்கா வாங்கோவன்,” என்றார்.

காணாமல்போன பிள்ளைகளைக் கேட்டுத் தாய்மார் போராட்டமாய்க் குந்தியிருக்கும் வீதியோரக் கொட்டில் அது. தினமும் அதைக் கடந்துதான் பள்ளிக்கூடம் போகிறேன். ஒருநாளாவது சைக்கிளை நிறுத்தியதில்லை.

“வாறன் அக்கா.”

திங்கட்கிழமை போனேன். சைவப் பெண்களும் வேதக்காரப் பெண்களுமாக ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எனக்கும் இடம் விட்டு ஒதுங்கினார்கள். யாரும் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த அம்மா, கை உளைகிறது என்று தன் மகளின் படத்தைக் கொஞ்சநேரம் பிடிக்கத் தந்தார். மழை தூறத் தொடங்கியபோது அந்தப் படத்தைச் சேட்டோடு அணைத்து மூடிக்கொண்டேன்.