கிருஷ்ணவேணி கேட்ட சோதனை

கிருஷ்ணவேணியை வேலைக்கு எடுப்பதை எதிர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரே ஆள் சடகோபன்தான். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர். சின்ன காஞ்சிபுரத்துக்காரர், மனத்தில் பட்டதை மறைக்கத் தெரியாதவர்.

1973இல் மேலிடத்து உத்தரவு வந்தது: புடவைகளைத் தரம் பார்க்கும் மூன்று பேரில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். "உத்தரவால் நாற்காலி தரலாம், கண்ணைத் தர முடியாது" என்று சடகோபன் பதில் எழுதினார். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. முசரவாக்கத்து விவசாயி மகள் கிருஷ்ணவேணிக்கு மாலை போட்டுப் படம் பிடித்து, ஜன்னலோரம் உட்கார வைத்தார்கள்.

பதினைந்து வருடமாகத் தறிகளில் பாவு பிணைத்தவள் அவள். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு தீர்ந்ததும், அதன் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையை விரல் நுனியால் முறுக்கிச் சேர்க்கிற வேலை. ஒரு பாவுக்கு ஆயிரக்கணக்கான இழைகள். அந்த அனுபவத்தைப் பற்றி யாரும் அவளிடம் கேட்கவில்லை. மூத்தவரான பரமசிவமும் இன்னொருவரும் வழக்கம்போலப் புடவை பார்த்தார்கள். அவளிடம் கையெழுத்துக்கு மட்டும் தாள் வந்தது.

மூன்றாவது வாரம் அவள் சடகோபனின் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நான் வேணாம்னு எழுதினது நீங்கதானே சார்?"

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஆமாம்மா. உங்க மேல துவேஷம் இல்லே..."

"நீங்க எழுதினது சரிதான். என் வேலையப் பாக்காமலே தூக்கி வச்சாங்க. இப்ப பாக்காமலே ஓரமா உக்கார வச்சிக்கினு இருக்கறாங்க. ரெண்டும் ஒண்ணுதானே? எனக்கு சோதனை வைங்க. அவங்களுக்கும் வைங்க."

"என்ன சோதனை?"

"நாப்பது பொடவை. நெசவாளி பேரு இருக்கற சீட்ட எடுத்துடுங்க. மூணு பேரும் தனித்தனியா பாக்கறோம்."

சலுகை கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்திருந்தவர் எழுந்து நின்றுவிட்டார்.

மறுநாள் காலையிலேயே சோதனை நடந்தது. பரமசிவம் சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்தார். முடிவுகளை ஒப்பிட்டபோது முப்பத்தாறில் மூவரும் ஒத்துப்போனார்கள். மூன்றில் பரமசிவம் சொன்னதே சரி என்று அவள் மறுபடி தடவிப் பார்த்து ஒப்புக்கொண்டாள். மிச்சம் ஒரு மயில்கழுத்து நிறப் புடவை. மற்ற இருவரும் அதில் குறை காணவில்லை. அவள் நடுவில் ஓரிடத்தில் விரலை வைத்தாள்.

"இங்கிருந்து வேற கை நெஞ்சிருக்குது. மொதல்ல நெஞ்சவரு பலகையால இழைய நெருக்கற அடி கனம். இது லேசு."

சடகோபன் புடவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. எடுத்து வைத்திருந்த சீட்டைப் பார்த்து, அதை நெய்த தாமல் ஊர் முனிசாமிக்கு ஆள் அனுப்பினார்கள். அவன் பயந்துகொண்டே வந்தான்.

"பாதியில ஜுரம் வந்துடுச்சிபா. மீதிய வள்ளிதான் நெஞ்சா, என் சம்சாரம்."

சடகோபன் அவள் விரல் வைத்த இடத்தை மறுபடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

பரமசிவம் வேறொரு புடவையை அதன் சீட்டோடு எடுத்துக்கொண்டு வந்தார். அவர் முதல் தரம் என்று குறித்தது. மூவரும் ஒத்துப்போன ஒன்று. "இது தில்லையம்மாள் நெஞ்சதா? அவங்க சரக்க நான் எப்பவும் ரெண்டாந்தரம்தானே போடுவேன்!" என்றார். பிறகு அவரே, "இனிமே சீட்டு இல்லாமதான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அன்று வீட்டில் சடகோபன் சரியாகச் சாப்பிடவில்லை. "நான் எழுதினது தப்பா ரைட்டான்னே தெரியலே. அந்த உத்தரவு அவளைக் கண்டுபிடிக்கலே. ஆனா அது வராட்டா, அவ எங்க ஆபீஸ் வாசல்படி மிதிச்சிருக்கவே மாட்டா" என்றார் மனைவி ஹேமாம்புஜத்திடம்.

அதன் பிறகு கிருஷ்ணவேணியிடம் வெறும் தாள் வரவில்லை, புடவைகள் வந்தன. உத்தரவின் வெற்றி என்று பத்திரிகையில் போட மறுபடி படம் கேட்டார்கள். "வேலையிருக்குது" என்று மறுத்துவிட்டாள்.

1977இல், ஓய்வு பெறுவதற்கு முதல்நாள், சடகோபன் அவள் அறைக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தார். அரக்குப் புடவை ஒன்றின் மேல் ஓடிய அவள் விரல் சட்டென்று நின்றது.

"நெய்யறவங்க இங்க எழுந்து போயி தண்ணி குடிச்சிட்டு வந்திருக்கறாங்க" என்றாள்.

அவர் அந்த இடத்தைத் தொட்டார். பட்டு வழுவழுவென்று இருந்தது, வேறொன்றும் இல்லை. இன்னொரு தரம் தொட்டுப் பார்த்தார்.