ஜப்பான் பானை

எங்கள் அடுப்படியில் அரிசி போட இரண்டு பானைகள் இருந்தன. ஒன்று கோயிலுக்கு. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை அதில் போட்டுவிட்டுத்தான் மீதியைக் களைவோம். பாளையங்கோட்டையில் எங்கள் கிறிஸ்தவ சபையார் வீடுகளில் எல்லாம் உள்ள வழக்கம் அது. இன்னொன்று ஜப்பான் பானை.

ரஷ்யாக்காரனின் கப்பல்களை ஜப்பான்காரன் கடலில் மூழ்கடித்த வருஷம் என் வீட்டுக்காரருக்குப் பித்துப் பிடித்தது. அவர் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறவர். நம்மைப் போலச் சோறு தின்கிறவன் வெள்ளைக்காரனை ஜெயித்துவிட்டானே என்று தெருவில் போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்திச் சொன்னார். எல்லா வீட்டு வாசலிலும் விளக்கேற்ற வைத்தார். நானும் ஏற்றினேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

பிறகு தூத்துக்குடியில் நம்மவர்கள் கப்பல் விட்டார்கள். விட்டவர் ஜெயிலுக்குப் போக, கப்பல் கம்பெனியும் நொடித்தது. "கப்பல் மட்டும் இருந்தா ஆச்சா? தொழில் வேணும். அந்தப் படிப்பு ஜப்பான்லதான் இருக்கு" என்று இவர் புதிதாக ஆரம்பித்தார். படிக்க அனுப்புவதற்கு அவருக்குக் கிடைத்த ஆள் என் தம்பி. தாய் தகப்பன் போன பிறகு என் கையில் வளர்ந்தவன். தீப்பெட்டி செய்யக் கற்று வந்து நம் வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை போடுவான், உன் கண் முன்னாலேயே இருப்பான் என்று இவர் சொன்னதால்தான் நான் தலையாட்டினேன்.

அவன் செலவுக்குத் தெருப் பெண்கள் பிடி அரிசி எடுத்தோம். கோயில் அரிசியில் கை வைக்கக் கூடாது என்று உபதேசியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், வீட்டுக்கு வீடு தனிப் பானை வைத்தோம். சேர்ந்ததை விற்று அனுப்பினோம். "ஆண்டவருக்கு விரலை விரிச்சு எடுக்கா, ஜப்பானுக்கு இறுக்கிப் பிடிக்கா, பாத்தியளா?" என்று எதிர்வீட்டு மதினி என்னைக் கேலி செய்வாள். அவள் சொன்னதில் தப்பில்லை.

தம்பி மெலிந்து திரும்பி வந்தான். ஊரே கோயிலில் பந்தியாக உட்கார்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகை அப்போது நெருங்கியிருந்தது. அன்று அவன் ஜப்பானின் பெருமையைப் பேச வேண்டும், அதைக் கேட்டுவிட்டுப் பெரியவர்கள் பட்டறைக்குப் பங்கு போடுவார்கள் என்று ஏற்பாடு.

பந்தி முடிந்ததும் எழுந்தான். குச்சி சீவுவதையும் மருந்து முக்குவதையும் அழகாகச் சொன்னான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதோடு உட்கார்ந்திருக்கலாம், பாவி.

"கொரியான்னு பக்கத்துல ஒரு நாடு. அதை ஜப்பான்காரன் எடுத்துக்கிட்டான். அன்னைக்கு நான் இருந்த ஊரெல்லாம் விளக்கு ஊர்வலம். எங்கூட குச்சி அடுக்குத ஒருத்தன் கொரியாக்காரன். அவன் அன்னைக்குச் சோறு திங்கல. எனக்கு நம்ம தெருவுல ஏத்துன விளக்கு ஞாபகம் வந்துட்டு" என்றான்.

அதிகப் பங்கு போடுவதாக இருந்த பெரியவர், "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது" என்று துண்டை உதறிக்கொண்டு போனார். மற்றவர்களும் அவர் பின்னாலேயே போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் இவர் குதித்தார். "வீடு வீடாப் போயி, தெரியாமச் சொல்லிட்டேன்னு சொல்லிட்டு வாரும்" என்றார்.

"தெரிஞ்சுதான் சொன்னேன் அத்தான்."

"கொரியாக்காரனுக்கு நீரா காவல்? முதல்ல நாம பெரிய நாடா ஆவோம் வே. மத்ததைப் பொறவு பாத்துக்கலாம்."

"அங்கனயும் அப்படித்தான் சொன்னாவ" என்றான் தம்பி.

தம்பி யார் வீட்டுக்கும் போகவில்லை. பின்கட்டில் பட்டறைக்கென்று துப்புரவாக்கிய இடத்தில் எருக்கு முளைத்தது. கொரியா எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்கு இன்றுவரை தெரியாது. அதற்காக என் தம்பி வீடு வாசலை விட்டுப் போனானே என்று வயிறு எரியும். அவன் சொன்னது பொய்யில்லை என்பதும் தெரியும். பின்னால் ஜெர்மன் சண்டை வந்தபோது, இதில் ஆள் கொடுத்தால் வெள்ளைக்காரன் நம்மையும் பெரிய நாடாக மதிப்பான் என்று இவர் பள்ளிக்கூடத்துப் பையன்களைப் பட்டாளத்துக்குத் தூண்டிவிட்டார். அப்போது மறுத்துப் பேச வீட்டில் ஆள் இல்லை.

அந்தச் சண்டைக்கு முன்பே தம்பி கொழும்பில் ஒரு கடையில் வேலை தேடிக்கொண்டு புறப்பட்டான். அன்று குதிரில் நெல் நிறைய இருந்தும், நான் ஜப்பான் பானையைத்தான் கவிழ்த்தேன். அவன் போய்த் திரும்பி வருவதற்கென்று சேர்த்ததில் கொஞ்சம் அடியில் மிஞ்சியிருந்தது. அதைப் பொங்கி, புளி விட்டுக் கிளறி, வாழை இலையில் கட்டிக் கொடுத்தேன்.

"போயிட்டு வாரேன் அக்கா" என்று வாங்கிக்கொண்டான். வரவில்லை.