தாளம் முந்திய குரல்

இந்த நாட்டில், எனக்குச் சுகமில்லை என்று தொலைபேசியில் சொன்னால் நம்பிவிடுகிறார்கள். வைத்தியரின் துண்டு வேண்டாம், சாட்சி வேண்டாம். இதற்கு ‘எய்கன்மெல்டிங்’ என்று பெயர். உன் வருத்தத்தை நீயே அறிவித்துக்கொள் என்று பொருள். வந்த புதிதில் இது ஆளைப் பிடிக்க வைத்த பொறி என்றுதான் எனக்குப் பட்டது. அப்போது ஒரு மரக்கறிக் களஞ்சியத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன்; இன்றைக்கும் அங்கேதான். உண்மையாகவே காய்ச்சல் அடித்த ஒரு காலையில், மேலாளர் தூரிட்டை அழைப்பதற்கு முன்னால் கண்ணாடியைப் பார்த்து இருமிப் பழகினேன். பிறகு அழைத்து, காய்ச்சலின் அளவு, தொண்டையின் நிறம், முதல்நாள் சாப்பிட்ட சாப்பாடு என்று எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். நடுநடுவே ஆதாரத்துக்கு இருமல். அந்த மனுசி பொறுமையாகக் கேட்டுவிட்டு, இவ்வளவு கதைக்கிறாயே, உனக்கு நிசமாகவே சுகமில்லையா என்று கேட்டார். அதாவது, நான் நிரூபிக்கத் தொடங்கிய பிறகுதான் அவருக்குச் சந்தேகமே வந்தது.

சந்தேகம் என்பது என்னோடு விமானத்தில் வந்த ஒரே பொதி. மெட்ரோப் பாதை முடிகிற வெஸ்ட்லியில், பத்துக் குடும்பம் பத்துப் பாஷை பேசுகிற அடுக்குமாடியில் இருக்கிறேன். கீழ்வீட்டு நோர்வேக்காரர் தன் தோட்டத்து அப்பிள் என்று ஒரு பை கொண்டுவந்து தந்தால், நன்றி சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு, இவருக்கு என்னிடம் என்ன தேவை என்று நான்கு நாள் யோசிப்பேன். அப்பிள் வாடிப்போன பிறகுதான், அவருக்குத் தோட்டத்தில் அப்பிள் கூடிப்போனதைத் தவிர வேறு காரணம் இல்லை என்பது விளங்கும்.

இப்படிப்பட்ட ஒருவனைத்தான் ஒஸ்லோத் தமிழர் சிலர் சேர்ந்து ஆண்டுதோறும் நடத்தும் பழைய பாடல் மாலைக்கு அறிவிப்பாளர் ஆக்கியிருந்தார்கள். அறுபதுகளில் வந்த பாட்டுகள் மட்டும்தான் அதில் இடம்பெறும். எனக்குப் பாட வராது. குளியலறையில் பாடினால்கூட மனைவி வந்து தண்ணீரைக் கூட்டித் திறந்துவிடச் சொல்வாள். ஆனால் எந்தப் பாட்டு எந்தத் தகட்டின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, யார் பாட இருந்து யார் பாடினார்கள் என்பதெல்லாம் எனக்குப் பாடம். பெட்டி பெட்டியாக இசைத்தட்டுகள் வைத்திருக்கிறேன். மனைவி என்னை ‘ஊசி தேஞ்ச றெக்கோட்’ என்பாள். முந்திய ஆண்டு ஒருவர், கொழும்பு வானொலியில் புல்லாங்குழல் வாசித்த கலைஞர் என்று சொல்லி மேடையேறினார். அவர் வாசித்து முடித்தபோது, வானொலி நிலையத்துக்கு வெளியே நின்றுதான் வாசித்திருப்பார் என்று சபை முடிவுசெய்தது. அதன் பிறகு, கலைஞர் என்று யார் வந்தாலும் விசாரித்து அனுப்பும் வேலையும் என் தலையில் விழுந்தது. சும்மா சொல்லக்கூடாது, அந்த வேலையை நான் விரும்பியே செய்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் பக்கத்து ஊரான ஹவுகன்ஸ்டுவாவிலிருந்து வதனி அழைத்தாள். என் மனைவியோடு தாதிப் படிப்புப் படித்தவள். அவளுடைய தகப்பன் தில்லைநாதன் ஊரில் தபாற்கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகளோடு இருக்க வந்து ஓராண்டு இருக்கும். இளவயதில் மதராசில் படிக்கப் போன இடத்தில் ஒரு படப்பாட்டில் பாடியதாகவும், இசைத்தட்டில் தன் குரல் இருப்பதாகவும் சொல்கிறாராம். மேடையில் அதை ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“உண்மையோ பொய்யோ எனக்கே தெரியாது அண்ணை. நான் சின்னனா இருக்கேக்கையே சொல்லுவார், வீட்டில ஒருத்தரும் நம்பினதில்லை. இப்ப என்ரை மனுசனும் பிள்ளையளும் சாப்பாட்டு மேசையில வைச்சுப் பகிடி பண்ணுகினம். அவர் சாப்பாட்டை விட்டிட்டு எழும்பிப் போறார். நீங்கள் ஓம் எண்டா ஓம். இல்லையெண்டா, அதையாவது சொல்லிவிடுங்கோ, இந்தக் கதை முடியட்டும்.”

ஒரு சனிக்கிழமை பின்னேரம் விசாரணைக்குப் போனேன். தில்லைநாதன் அண்ணை வீட்டுக்குள் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது; உண்மைக்கு எதற்குக் கழுத்துப்பட்டி? எந்தப் பாட்டு என்றேன். சொன்னார். படகுப் பாட்டு ஒன்று. பெயரை எழுதினால் நீங்கள் பாடத் தொடங்கிவிடுவீர்கள், என் கட்டுரை நடுக்கடலில் நின்றுவிடும், அதனால் விட்டுவிடுகிறேன். அந்தத் தகடு என்னிடம் இருக்கிறது. அதில் பாடியவர் பெயர் ஒன்றுதான், அது தில்லைநாதன் இல்லை.

“தகட்டில உங்கடை பேர் இல்லையே அண்ணை.”

“பாடின எல்லாற்றை பேரும் போடுறவை எண்டு உமக்கு ஆர் சொன்னது?”

பதிவுக்கூடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். சத்தம் விழும் என்று மின்விசிறியை நிற்பாட்டியதால் எல்லோரும் நனைந்துபோனோம் என்றார். கொஞ்சம் பொறுத்து, விசிறிக் காற்றில் பாட்டுத்தாள் பறந்தது என்றார். அகப்பட்டார். எனக்குள் ஒரு இனிப்பு ஊறியது. முகத்தில் எதையும் காட்டாமல், அன்பாகச் சிரித்து, “தண்ணி குடியுங்கோ அண்ணை, அவசரமில்லை” என்றேன்.

சொன்ன பிறகுதான் அந்தச் சிரிப்பை முன்பு எங்கே பார்த்தேன் என்பது நினைவுக்கு வந்தது. நான் அகதியாக வந்திறங்கியபோது என்னை விசாரித்த அலுவலர் நல்ல மனுசன். என் சந்தி எது, பஸ் என்ன நிறம், இராணுவம் வந்தது மழைக்கு முதலா பிறகா என்று கேட்டார். நான் இரண்டு மழையைக் குழப்பிச் சொன்ன இடத்தில், இப்படித்தான் அன்பாகச் சிரித்துத் தண்ணீர்க் கோப்பையை என் பக்கம் தள்ளினார். பிறகு வந்த முடிவில் ஒவ்வொரு வரியும் ‘இஃபோல்கெ சோக்கெரன்’ என்றே தொடங்கியது. விண்ணப்பதாரர் கூறுவதன்படி என்று அர்த்தம். விண்ணப்பதாரர் கூறுவதன்படி இவர் யாழ்ப்பாணத்தில் பிறந்தார். விண்ணப்பதாரர் கூறுவதன்படி இவருடைய தந்தை இன்னார். என்னை இருக்க விட்டார்கள், நம்பித்தான் விட்டார்களா என்பது இன்றுவரை தெரியாது. அப்பா உயிரோடு இருந்து அந்த இரண்டாவது வரியை வாசித்திருந்தால் நோர்வே மீது மானநட்ட வழக்குப் போட்டிருப்பார்.

நினைவுக்கு வந்ததே தவிர, திருந்தினேன் என்று நினைத்துவிடாதீர்கள். மின்விசிறியைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

திங்கட்கிழமை வேலைத்தல இடைவேளையில் தூரிட்டிடம் இந்தக் கதையைச் சொன்னேன். ஆகா, எவ்வளவு இனிமை என்றார். உண்மையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்றேன். ஏன், அதற்கு அவருக்கு ஏதும் பரிசு கிடைக்குமா என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகென்ன, அவர்தான் சொல்லிவிட்டாரே என்றார். தன் தகப்பனும் அறுபதுகளில் ஒரு கிற்றார் குழுவில் வாசித்தவராம். அந்தக் காலத்து இசைக்கு இங்கே முள்ளுக்கம்பி என்று பட்டப்பெயர். அவர்கள் ஒரு தகடும் வெளியிடவில்லையாம். அப்படியென்றால் அவர் வாசித்தார் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். தூரிட் கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை, தகப்பன் இன்னார்தான் என்பதற்கே நான் ஆதாரம் கேட்டதுபோல இருந்தது. எங்கள் சம்பாஷணை அத்தோடு உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குத் திரும்பியது.

அண்ணையை அழைத்து, பாடகர் என்று என்னால் அறிவிக்க முடியாது என்று சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. ஒருக்கால் வந்துவிட்டுப் போம் என்றார். போனேன். அன்றைக்குக் கழுத்துப்பட்டி இல்லை.

“நான் தனியப் பாடேல்லை தம்பி. கோரஸ். கடைசி வரிசை.”

“அதை முதலே சொல்லியிருக்கலாமே.”

“கோரஸ் எண்டு சொன்னா ஆர் மேடையில பேர் சொல்லுவான்?” பிறகு என் பக்கம் குனிந்தார். “மூண்டாம் சரணத்துக்குப் பிறகு ஒருத்தன் முந்தி விழுறான். கேட்டிருக்கிறீரோ?”

கேட்டிருக்கிறேனா என்பது என்ன கேள்வி! குழல் முடிந்து தாளத்தில் ஒரு தட்டு விட்டு, படகோட்டிகள் எல்லோரும் சேர்ந்து ‘ஓ’ என்று எழவேண்டிய இடம் அது. இசைத்தட்டில், அந்தத் தட்டு வருமுன்பே ஒரு குரல் மட்டும் ‘ஓ’ என்று தனியாக எழும்பிவிடும். எங்கள் ஊரில் அதைப் பிழையென்று ஒருவரும் நினைத்ததில்லை. பாட்டே அப்படித்தான் என்று முழு யாழ்ப்பாணமும் முந்தித்தான் பாடியது. எங்கள் சந்திச் சலூன்காரர், வானொலியில் அந்தச் சரணம் முடியப்போகும்போது கத்தியைக் கன்னத்திலிருந்து எடுத்துவிடுவார். சவரத்துக்கு இருப்பவரும் வாய் திறப்பார் என்று அவருக்குத் தெரியும்.

“அது நான்தான்” என்றார் அண்ணை.

பாடகருக்கு இன்னொரு கூடத்தில் வேலை இருந்ததாம்; திரும்ப எடுக்க நேரமில்லை. இசையமைப்பாளர், கிடக்கட்டும், கூட்டத்தில் ஒருவன் அவசரக்காரன் என்று இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாராம். குழல்காரர் மட்டும் திரும்பி ஒரு பார்வை பார்த்தாராம். அதற்குப் பிறகு இவரை எந்தப் பதிவுக்கும் ஒருவரும் கூப்பிடவில்லை. ஊருக்குத் திரும்பி முத்திரை குத்தத் தொடங்கினார். கந்தோர் வாசலால் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு போகிற ஒவ்வொருவரும் தன் பிழையைப் பாடிக்கொண்டே போனார்கள் என்றார்.

இதற்கும் நான், வெட்கமில்லாமல், என்ன ஆதாரம் என்று கேட்டேன்.

“பேரைக் களவெடுப்பான், புகழைக் களவெடுப்பான். பிழையை ஆர் தம்பி களவெடுக்கிறது?”

வீட்டுக்கு வந்து அந்த ‘ஓ’வைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அவர் குரல்போலவும் இருந்தது, யாருடைய குரல்போலவும் இருந்தது. அந்த மனுசன்ரை தொண்டையை எக்ஸ்றே எடுக்கிறியளோ என்று மனைவி கேட்டாள்.

அந்தப் பாட்டை அம்முறை இங்கு பிறந்த பிள்ளைகள் பாடுவதாக இருந்தது. அதில் என் மகள் ஆரணியும் ஒருத்தி. பழக்கியவர் சென்னையிலிருந்து வந்த இசை ஆசிரியை. ஒத்திகையில், குழலுக்குப் பிறகு பிள்ளைகள் சரியாக ஒரு தட்டு விட்டு எழுந்தார்கள். ஏதோ பல் விழுந்த இடம்போல இருந்தது. கேட்டேன். “சார், அது ஒரிஜினல்லயே மிஸ்டேக். நான் கரெக்ட் பண்ணிட்டேன்” என்றார் ஆசிரியை. நாங்கள் நாற்பது ஆண்டு பிழையாகப் பாடியதை அவர் ஒரு பென்சிலால் தீர்த்திருந்தார். “அது ஃபைல் அப்பா” என்றாள் மகளும். ஃபைல் என்றால் இந்த ஊர்ப் பாஷையில் பிழை.

இதை நான் அண்ணையிடம் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. அந்த இடம் வரும்போது அவர் முகத்தைப் பார்ப்பேன். உண்மை என்றால் அங்கே ஏதாவது தெரியும். விசாரணை இன்னும் முடியவில்லை, பாருங்கள்.

மண்டபம் நிறைந்திருந்தது. அண்ணை முன்வரிசையில், கழுத்துப்பட்டியோடு. பக்கத்தில் மருமகன், உதட்டோரத்தில் ஒரு சிரிப்போடு. அடுத்து வதனி, நிலத்தைப் பார்த்தபடி. என் கையில் இருந்த தாளில், “அவர் கூறுவதன்படி இப்பாடலின் பதிவில் பாடிய திரு. தில்லைநாதன்” என்று கவனமாக எழுதிவைத்திருந்தேன். ஒலிவாங்கியைப் பிடித்தேன். அந்த முதல் இரண்டு சொற்களும் வாய்க்கு வர மறுத்தன. “இப்பாடலின் பதிவில் பாடிய திரு. தில்லைநாதன் இன்று எங்களோடு இருக்கிறார்” என்றேன். எல்லோரும் தட்டினார்கள். வதனி நிமிர்ந்து தகப்பனைப் பார்த்தாள். மருமகன் கொஞ்சம் பிந்தித் தட்டினார், ஆனால் தட்டினார்.

பிள்ளைகள் தொடங்கினார்கள். நான் மேடையோரத்தில் நின்று அண்ணையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் சரணம் முடிந்தது. குழல் முடிந்தது. உடனே முழு மண்டபமும், சொல்லிவைத்ததுபோல, ‘ஓ’ என்று எழுந்தது. மேடையில் பிள்ளைகள் விறைத்துப்போய் நின்றார்கள். அத்தனை வாய்க்கும் நடுவில் ஒரேயொரு வாய் மூடியிருந்தது. அடுத்த தட்டில் பிள்ளைகள் எழுந்தார்கள். அவர்களோடு சேர்ந்து, சரியாக, தில்லைநாதன் அண்ணை வாய் திறந்தார்.

நிகழ்ச்சி முடிந்து வடைத் தட்டோடு நின்ற அண்ணையைப் பிடித்து, எல்லோரும் பாடும்போது ஏன் பேசாமல் இருந்தீர்கள் என்று கேட்டேன்.

“உந்த இடத்தில நான் பிழைவிட்ட நாளிலயிருந்து தட்டை எண்ணிக்கொண்டுதான் தம்பி இருக்கிறன். இண்டைக்குத்தான் என்னோட சேர்ந்து வர ஆக்கள் கிடைச்சவை.”

நம்பினேன். வீடு வரும் வழியில், அவருக்குக் காது மந்தமோ, அதுதான் பிந்தினாரோ என்று ஒரு யோசனையும் வந்தது. வந்துதான் தீரும், நான் அப்படிப்பட்ட பிறவி.

நிகழ்ச்சியின் ஒளித்தட்டு இரண்டு கிழமையில் கைக்கு வந்தது. அண்ணையைப் பார்க்கத்தான் போட்டேன். ஆனால் அதில் மண்டபத்தையும் பிள்ளைகளையும் அமுக்கிக்கொண்டு ஒரு கட்டைக்குரல் கேட்கிறது. ஒலிவாங்கியை நிற்பாட்ட மறந்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். முதலில் சனத்தோடு சேர்ந்து ஒரு ‘ஓ’. அதை முடிக்க முன்னமே, மேடையிலிருந்து மகள் என்னைத் திரும்பிப் பார்க்க, பிள்ளைகளோடு சேர்ந்து இன்னொரு ‘ஓ’. பதிவான என் குரல் உலகத்தில் அவ்வளவுதான். ஒன்று முந்திவிட்டது, மற்றதற்கு மூச்சுப் போதவில்லை.