சண்முகநாதன் அண்ணையின் கிடாரம்

ஊரை விட்டு ஓடும்போது மனிதர்கள் காணி உறுதியை எடுப்பார்கள், நகையை எடுப்பார்கள். தையல் மெசினைத் தலையில் சுமந்து நடந்தவர்களும் உண்டு. எங்கள் சண்முகநாதன் அண்ணை எதை எடுத்தார் தெரியுமா? பிள்ளையார் கோயில் கிடாரத்தை! ஊருக்கே சோறு ஆக்குகிற அந்தப் பெரிய பாத்திரத்தைச் சைக்கிள் கரியரில் கவிழ்த்துக் கட்டி, காங்கேசன்துறையிலிருந்து நெல்லியடிவரை உருட்டிக்கொண்டே போனாராம். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டைக்குள் இப்படி ஒரு விசர் வேலை. மாற்றிக் கட்ட ஒரு சாரம்கூட எடுக்கவில்லையா என்று கேட்டால், "கரியரிலை இடமில்லையே பிள்ளை" என்பார்.

நெல்லியடியில் அவருக்கு ஒருவரையும் தெரியாது. தாகத்துக்குத் தண்ணீர் கேட்ட வீடு சிவக்கொழுந்து அக்காவின் வீடு. தண்ணீர் கேட்டவர் இருபது வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்துவிட்டார். பின்பக்கச் சாய்ப்பு அறை அவருக்கு, மாமரத்தடி கிடாரத்துக்கு. கல்யாணம் கட்டவில்லை. பகலில் கூலிக்குத் தோட்டம் கொத்துவார். அந்தப் பக்கத்துக் கோயில்களில் விசேஷம் என்றால் கிடாரத்தைக் கொண்டுபோய்ச் சமைத்துக் கொடுப்பார். எவ்வளவு பிந்தி வந்தாலும் சிவக்கொழுந்து அக்கா அவருக்கு முந்திச் சாப்பிட்டதில்லையாம். அதை அவர் எனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பார்! சொல்லும்போதெல்லாம் புதிதாய்ச் சொல்வதுபோலவே சொல்வார்.

நான் நிரோஜா, அவருக்குப் பக்கத்துக் காணிக்காரி. ஐந்து வயதில் போனவள், முப்பதை எட்டும்போது திரும்பி வந்தேன். காடு பற்றிக் கிடந்த இடத்தில் என் வீடு எது, வளவு எது என்று தெரியாமல் நின்று அழுதபோது, "உந்தா, உதுதான் உங்கடை கிணறு" என்று காட்டியவர் அவர்தான். அன்று மத்தியானம் சோறும் பருப்பும் கொண்டுவந்து வைத்தார். கல்லில் இருந்துதான் சாப்பிட்டேன். சொந்த வீட்டில் சாப்பிடுகிறேன் என்ற எண்ணம் அந்தச் சோற்றோடுதான் வந்தது.

ஆமி காணிகளை விட்டதும் முதல் ஆளாய்த் திரும்பியவர் அவர். கிடாரத்தைப் பிறகு நானும் கூடப்போய் ஏற்றி வந்தோம், இந்தத் தடவை லான்ட்மாஸ்டர் உழவு மெசினில். கோயிலைத் திருத்தினோம். ஆவணிச் சதுர்த்திக்கு அன்னதானம் தொடங்கினோம். ஆனால் சாப்பிட ஊர் எங்கே இருக்கிறது? பாதி கனடாவில், மீதியில் பாதி கொழும்பில். மனுஷன் கேட்டால்தானே! கிடாரம் நிறைய அரிசி போடுவார். "பிள்ளையாருக்கு அரைக் கிடாரம் வைக்கிறதே?" என்பார். பின்னேரம் மிச்சச் சோறு மாட்டுக்குப் போகும்.

கோயில் தலைவர் நடராசா மாஸ்டர் பொறுமையான மனிதர்தான். அவருக்கே பொறுமை போய்விட்டது.

"சோத்தை இப்பிடிக் கொட்டுறது பாவம், சண்முகநாதன். இந்தமுறையும் மிஞ்சினால், வாற வருசம் பொங்கல் பானை மட்டுந்தான். கிடாரத்தைக் கழுவிக் கவிட்டு விடும்."

வீட்டுக்கு வரும் வழியில் அண்ணை என்னிடம் சொன்னார்.

"இருபது வருசம் மற்ற ஆக்களின்ரை சோத்திலை சீவிச்சனான் பிள்ளை. என்ரை ஊரிலை பந்தி வைக்கேலாமல் போனால், நான் ஏன் உதைச் சுமந்து திரிஞ்சனான்?"

அவருக்கு அது வெறும் பாத்திரம் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த கிழமை நெல்லியடிச் சந்தையில் சிவக்கொழுந்து அக்காவைக் கண்டேன். கிடாரம் ஏற்றப் போன அன்று என்னைக் கண்டவர், மறக்கவில்லை. கையைப் பிடித்துச் சுகம் விசாரித்தார். பிறகு முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்.

"கோயிலிலை அன்னதானமெல்லாம் நடக்குதாம். எங்களுக்கு ஒரு சொல்லில்லை. ஊர் கிடைச்ச பிறகு நாங்கள் பிறத்தி ஆக்கள்தானே."

எங்கள் பக்கத்தில் நல்லது எதற்கும் வீட்டுக்கு வந்து வாயால் சொல்ல வேண்டும். போனில் சொன்னாலே சிலருக்கு முகம் கறுக்கும். கோயில் அன்னதானத்துக்கு யாரும் யாருக்கும் சொல்வதில்லைதான். ஆனால் வேறு ஊர்க் கோயிலில், சொல்லாமல் வந்து இலைக்கு முன்னால் இருக்க மானமுள்ள மனிசி சம்மதிப்பாரா?

வந்த கோபத்தோடு நேரே அண்ணை வீட்டுக்குப் போனேன்.

"அண்ணை, சிவக்கொழுந்தக்காவுக்கு ஏன் சொல்லேல்லை?"

அவர் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். நான் கேட்டது விளங்காதவர்போலப் பார்த்தார்.

"என்னத்துக்குச் சொல்லுறது? அவ எங்கடை வீட்டு ஆள். வீட்டு ஆக்களுக்கு ஆரும் சொல்லுவினமே?"

"நல்லாயிருக்கு உங்கடை கதை! நீங்கள் வீட்டு ஆள் எண்டு விட்டனீங்கள். அவ பிறத்தி எண்டு விட்டதா நினைச்சுக்கொண்டு இருக்கிறா."

தேங்காய் கையில் இருக்க, ஆள் அப்படியே குந்திவிட்டார். "ஐயோ, அக்கா அப்பிடியே நினைச்சவ? ஐயோ பிள்ளையாரே!" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அடுத்த நாள் விடிய, வெள்ளை வேட்டி கட்டி முதல் பஸ்சில் நெல்லியடிக்குப் போனார். அக்கா வீட்டில் மட்டுமா? தண்ணீர் தந்த வீடு, கூலி வேலை தந்த வீடு, காய்ச்சலில் கஞ்சி தந்த வீடு என்று அந்த ஒழுங்கை முழுவதும் ஏறி இறங்கிச் சொல்லிவிட்டு இரவு வந்தார். அக்கா வருவாரா என்று கேட்டேன்.

"தேத்தண்ணி தந்தவ. வாறன் எண்டு சொல்லேல்லை" என்றார்.

சதுர்த்தி அன்று கிடாரம் நிறைந்தது. பூசை முடிந்தது. பந்தலில் எங்கள் ஊர்ச் சனம் ஒரு வரிசைகூட இல்லை. மாஸ்டர் கிடாரத்தைப் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார், போய்விட்டார். அண்ணை அகப்பையைப் பிடித்தபடி றோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிள்ளையாரோடு சண்டை பிடித்தேன். இந்த மனுஷன் உனக்கு என்ன குறை வைத்தார் என்று மனதுக்குள் நல்ல ஏச்சு.

அப்போது ஒரு மினிபஸ் வந்து நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று. ஆட்டோக்கள், மோட்டார் சைக்கிள்கள். ஒழுங்கையே திரண்டு வந்திருந்தது! வாழைக்குலையோடு ஒருவர், தயிர்ச்சட்டியோடு ஒருவர். சிவக்கொழுந்து அக்கா பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு நேரே சமையல் கொட்டிலுக்குள் போனார்.

"டேய், உப்புப் பாத்தியே?"

அண்ணை தலையை ஆட்டினார்.

பந்திக்கு மேல் பந்தி. நான் பரிமாறிப் பரிமாறிக் கை ஓய்ந்தேன். கோயில் திருத்தி வருடங்கள் ஆகியும், எங்கள் பிள்ளையார் உண்மையாகவே திரும்பி வந்துவிட்டார் என்று எனக்குத் தோன்றியது அந்தச் சத்தத்துக்குள்தான். "இஞ்சாலை சோறு", "இன்னும் கொஞ்சம் பாயசம்" என்ற அந்தச் சத்தம். கண் கலங்கியதைச் சாம்பார் ஆவியின் தலையில் போட்டேன்.

கடைசிப் பந்தி எழும்பியபோது கிடாரத்தின் அடி தெரிந்தது. ஒரு பருக்கை இல்லை. சமைத்தவர் கடைசியாகத்தான் சாப்பிடுவார். அவருக்கென்று எடுத்துவைக்க எங்களில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை! நான் தலையில் கைவைத்தேன். அவரோ கிடாரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு வயிறு நிறைஞ்சுட்டுது பிள்ளை."

பந்தலில் ஒருவர் மட்டும் எழும்பாமல் இருந்தார். சிவக்கொழுந்து அக்கா. முன்னால் இலை நிறையச் சோறு, கை வைக்காமல் அப்படியே ஆறிப்போய்க் கிடந்தது. அண்ணை பதறி ஓடினார்.

"ஏன் அக்கா சாப்பிடேல்லை? சரியில்லையே?"

"நீ வராமல் நான் எப்ப சாப்பிட்டனான்?" என்றார் அக்கா. "இன்னொரு இலை எடுத்துக்கொண்டு வந்து இரு."

நான் ஓடிப்போய் இலை எடுத்து வந்தேன். அக்கா சோற்றில் பாதியை அதில் வைத்தார். அண்ணை பக்கத்தில் இருந்தார். அதற்குப் பிறகுதான் அக்கா சோற்றில் கை வைத்தார்.